ஓர் ஆர்டரின் பின்னால் நடந்து

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தபோது சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு பாட்டி எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். முறுக்கு மாவு, நெய், பாசிப்பருப்பு எல்லாம் சேர்த்து 86 வெள்ளிக்கு எங்கள் இணையக் கடையில் ஆர்டர் செய்திருந்தார். பணம் செலுத்தும் பக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததால், சரியாக அழுத்தவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை பொத்தானை அழுத்தியிருக்கிறார். மறுநாள் அவருடைய பேரன் கடன் அட்டைக் கணக்கைப் பார்த்தபோது 86 வெள்ளி இரண்டு முறை எடுக்கப்பட்டிருந்தது. “ஏம்மா, ஒரு தடவை வாங்கினதுக்கு ரெண்டு தடவையா காசு எடுப்பீங்க?” என்று பாட்டி கேட்டார். அந்த இணையக் கடைத் திட்டத்தின் மேலாளர் நான். அவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக உறுதி சொல்ல முடிந்ததே தவிர, ஏன் அப்படி நடந்தது என்று சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.

அன்று பிற்பகல் கூட்டத்தில் எங்கள் மூத்த பொறியாளர், மதுரையிலிருந்து வந்து பொங்கோலில் குடியிருக்கும் தம்பி, நடந்ததை விளக்கினார். “அக்கா, முதல் ரிக்வெஸ்ட் போயிடுச்சு. ரெஸ்பான்ஸ் வர்றதுக்குள்ள டைம்அவுட் ஆயிடுச்சு. ரெண்டாவது தடவை புது ஐடியோட போனதால அவங்க அதையும் புதுசுன்னு எடுத்துட்டாங்க.” நான் அதைச் சொல்லுக்குச் சொல் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். எழுதிய கை என்னுடையது, பொருள் அவருடையது. திட்ட மேலாளருக்கு நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அதை நம்பியிருந்தேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் நிரல் எழுதத் தெரியாமல் இருப்பதும், வாடிக்கையாளரின் பணம் எங்கே போனது என்று தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது அன்று எனக்கு உறைத்தது.

நான் கணினித் துறையில் படித்தவள் இல்லை. பாசிர் பாஞ்சாங்கில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் 11 ஆண்டுகள் சுங்க ஆவணங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய வேலைதான் எனக்கு முதல் பிடியைக் கொடுத்தது. சிங்கப்பூரில் ஏற்றுமதி இறக்குமதி அனுமதி கேட்பதற்கான டிரேட்நெட் கட்டமைப்பு 1989 ஜனவரி முதல் தேதியிலிருந்து இயங்கி வருகிறது. அதற்கு முன்பு ஒரே சரக்குக்காகப் பல தாள்களை நிரப்பிப் பல அலுவலகங்களுக்கு ஆள் நடந்துகொண்டிருந்தது போய், ஒரே விண்ணப்பம் கணினிவழி உரிய அமைப்புகளுக்கெல்லாம் சென்று பதில் திரும்பி வந்தது. உலகளாவிய வலை பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே இந்த ஊரில் மின்வணிகம் நடந்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். டிரேட்நெட்டில் ஒரு விண்ணப்பம் அனுப்பிவிட்டால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு எல்லாமே: அனுப்பியாயிற்றா, போய்ச் சேர்ந்ததா, பரிசீலனையில் இருக்கிறதா, அனுமதி எண் வந்ததா, காரணத்தோடு திரும்பிவிட்டதா. உள்ளே எந்த மொழியில் நிரல் எழுதியிருக்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை; ஆனால் நிலை தெரியாமல் ஒரு கொள்கலனையும் துறைமுகத்திலிருந்து நகர்த்தியதில்லை.

ஆகவே ஒரு முடிவு செய்தேன். தொழில்நுட்பத்தைப் பாடம் பாடமாகப் படிக்கப் போவதில்லை. ஒரே ஓர் ஆர்டரின் பின்னால், வாடிக்கையாளர் எங்கள் கடையின் முகவரியைத் தட்டுவதிலிருந்து சரக்கு அவர் வாசலில் இறங்கி, எங்கள் கணக்கில் பணம் விழும்வரை நடந்து போவது. எங்கெல்லாம் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறதோ அங்கெல்லாம் நின்று, இந்த இடத்தில் பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்பது. தம்பியிடம் சொன்னேன். வாரம் ஒருமுறை மதிய உணவுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டார். கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுவோம். ஒரு பெரிய தாளில் நான் படம் வரைவேன், அவர் திருத்துவார்.

முதலில் நான் புரிந்துகொண்டது வலையின் மறதியை. நம் உலாவியும் கடையின் கணினியும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி என்ற முறைக்கு நினைவு கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் தரும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது கேட்பவர் யாரென்றே அதற்குத் தெரியாது. கூடையில் நெய் போட்டவரும் அடுத்த நிமிடம் பருப்பு போட்டவரும் ஒருவர்தான் என்று தெரியாவிட்டால் கடை எப்படி நடக்கும்? 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி என்பவர் குக்கி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். கடை ஒரு சிறு அடையாளச் சீட்டை உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. உலாவி ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தச் சீட்டைக் காட்டுகிறது. இணையத்தில் எங்கு போனாலும் குக்கிகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும் அந்தச் சொல், வணிகக் கூடை ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளும் தேவையிலிருந்து பிறந்தது என்று தெரிந்தபோது, பல ஆண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்தவரின் சொந்த ஊரை முதன்முதலாகக் கேட்டறிந்ததுபோல் இருந்தது. எங்கள் கடையில் கைப்பேசியில் நிரப்பிய கூடை மடிக்கணினியில் காலியாக இருக்கிறது என்று வந்த புகார்களுக்கும் எனக்கு அன்றே விளக்கம் கிடைத்தது: சீட்டு அந்தந்தக் கருவியில் இருக்கிறது, கூடையை வாடிக்கையாளரின் கணக்கோடு கட்டிவைக்காதவரை இரண்டும் வேறு வேறு ஆட்கள்தான்.

பணம் செலுத்தும் இடத்தில்தான் நாங்கள் அதிக நாள் நின்றோம். ஆறு வாரம் அதிலேயே போயிற்று, அதற்காக நான் வருந்தவில்லை.

அட்டையில் பணம் கட்டுவது ஒரே செயல் என்று நான் நினைத்திருந்தேன். அது மூன்று செயல். முதலில், அட்டை கொடுத்த வங்கி ‘இவரிடம் இத்தனை வெள்ளி இருக்கிறது, ஒதுக்கி வைக்கிறேன்’ என்று ஒப்புதல் தருகிறது. இரண்டாவதாக, ஒதுக்கிய பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடை கேட்கிறது. மூன்றாவதாக, சில நாள் கழித்து, கட்டணம் கழித்துக்கொண்டு பணம் கடையின் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது. வாடிக்கையாளர் ‘பணம் போய்விட்டது’ என்று சொல்வது முதல் செயலை. எங்கள் கணக்காளர் ‘பணம் வரவில்லை’ என்று சொல்வது மூன்றாவதை. இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். இது தெரியாமல் அந்த இருவருக்கும் நடுவில் நின்று நான் எத்தனையோ முறை இருவரையும் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கிறேன்.

பாட்டியின் 86 வெள்ளிக்கு நடந்தது இதுதான். முதல் முறை பொத்தானை அழுத்தியபோது எங்கள் கணினி, கடைக்காக வாடிக்கையாளரிடமிருந்து பணத்தை எடுத்துத் தரும் கட்டணச் சேவை நிறுவனத்திடம் கேட்டது. அவர்கள் பணத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்தோம் என்ற பதில் எங்களிடம் வந்து சேரவில்லை. கேட்டது போகாமலே நின்றுவிட்டதா, போய் வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா என்பதைக் கேட்டவர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபடுத்தவே முடியாது. இரண்டும் ஒரே மௌனமாகத்தான் தெரியும். மின்வணிகத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. எங்கள் கணினி அந்த மௌனத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது அழுத்தலைப் புதிய எண் போட்டு அனுப்பியது. அவர்கள் அதைப் புதிய விற்பனையாக எடுத்துக்கொண்டார்கள்.

இதற்குத் தீர்வைத் தம்பி சொன்னபோது எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சரக்கு எடுப்பவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதில் எண் இருக்கும். வாங்க வந்தவர் அதே சீட்டைக் கூட்டத்தில் இரண்டு முறை நீட்டினாலும் அப்பா எண்ணைப் பார்த்து, “இதுக்குக் கட்டிட்டீங்க” என்று சொல்லிப் பழைய ரசீதையே காட்டுவார். கணினித் துறையில் இதற்கு ஐடெம்போடென்சி என்று பெயர். பெயர் வாயில் நுழைய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பொருள் அப்பாவின் மேசையிலேயே இருந்தது. ஓர் ஆர்டருக்குப் பணம் செலுத்தும் முயற்சி தொடங்கும்போதே ஓர் எண் போட்டுவிட வேண்டும். வாடிக்கையாளர் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அதே எண்தான் போகவேண்டும். கட்டணச் சேவை நிறுவனம் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் மறுபடி பணம் எடுக்காமல் முதல் முறை கிடைத்த பதிலையே திருப்பித் தரும். எங்கள் நிரலில் அந்த எண் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. திருத்துவதற்கு ஒரு நாள்தான் ஆயிற்று. அந்த ஒரு நாள் வேலையைத் தீபாவளிக்கு முன்பே கேட்டுச் செய்திருக்க வேண்டியவள் நான். கேட்பதற்கான சொல் என்னிடம் இல்லாததால் கேட்கவில்லை.

பேநவ் வேறு வகை. 2017 ஜூலையில் அது வந்தபோது கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் வசதியாகத்தான் பலரும் பார்த்தோம்; அடுத்த ஆண்டு நிறுவனங்களும் சேர்ந்தன, அதே ஆண்டு செப்டம்பரில் எஸ்ஜிகியூஆர் என்ற பொதுவான கியூஆர் குறியீடும் வந்தது. எங்கள் பக்கத்தில் காட்டும் குறியீட்டுக்குள் நிறுவனத்தின் பதிவெண், தொகை, ஆர்டரின் குறிப்பெண் ஆகியவை அடங்கியிருக்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் பணம் அனுப்புவது எங்கள் பக்கத்தில் அல்ல, அவருடைய வங்கிச் செயலியில். அதாவது, நிகழ்ச்சி எங்கள் வீட்டுக்கு வெளியே நடக்கிறது. யாராவது வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். அப்படி வந்து சொல்லும் ஏற்பாட்டைத்தான் வெப்ஹூக் என்கிறார்கள். கட்டணச் சேவை நிறுவனத்தின் கணினி, பணம் வந்ததும் எங்கள் கணினியின் குறிப்பிட்ட முகவரியைத் தட்டிச் செய்தி சொல்லிவிட்டுப் போகும். நாங்கள் அந்த நேரத்தில் கதவைத் திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து தட்டும். இதனால் ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். பின்னால் நடந்தது முன்னால் வரலாம். சில வேளை வராமலே போகலாம். ஆகவே ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பாமல் இருக்க வேண்டும். செய்தி வராவிட்டால் நாமே போய்க் கேட்கவும் வேண்டும். ‘பணம் வந்தால் ஆர்டரை உறுதிசெய்’ என்று நான் தேவைப் பட்டியலில் எழுதிய ஒற்றை வரிக்குள் இவ்வளவு வேலை இருந்தது.

இங்கே எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. குறியீட்டை 15 நிமிடம்தான் செல்லுபடியாக வைத்திருந்தோம். அதுவரை சரக்கை அவருக்காக ஒதுக்கியும் வைத்திருந்தோம். அவர் குறியீட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பேருந்திலிருந்து இறங்கி 20ஆவது நிமிடத்தில் பணம் அனுப்பி, அது எங்கள் கணக்குக்கு வந்தும் விட்டால்? சரக்கு அதற்குள் வேறொருவருக்குப் போயிருக்கலாம். தம்பி, “அதை நீங்கதான் சொல்லணும் அக்கா” என்றார். உண்மையில் அது தொழில்நுட்பக் கேள்வியே அல்ல. சரக்கு இருந்தால் ஆர்டரை ஏற்பதா, இல்லாவிட்டால் பணத்தை உடனே திருப்புவதா, மாற்றுச் சரக்கு கேட்டு அழைப்பதா என்பது கடையின் குணத்தைப் பற்றிய கேள்வி. அதை யாரும் முடிவு செய்யாததால், பொறியாளர் ஏதோ ஒன்றை இரவு பத்து மணிக்குத் தாமாகவே முடிவு செய்து நிரலில் எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கேள்வியையே அவரிடம் கொடுக்கவில்லை. வேலையை மட்டும் கொடுத்தோம். அதன்பிறகு எங்கள் திட்டத்தில் இப்படி மறைந்து கிடந்த முடிவுகளைத் தேடி எடுத்தேன், பல இருந்தன. தொழில்நுட்பம் தெரியாத மேலாளரின் உண்மையான வேலை அதுதான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

சரக்கு இருப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடைசி ஒரு மூட்டை பொன்னி அரிசியை இரண்டு பேர் ஒரே நொடியில் பார்த்தால் இருவருக்கும் ‘இருப்பு 1’ என்றுதான் தெரியும். எண்ணைப் படிப்பதும் குறைப்பதும் இரண்டு தனிச் செயல்களாக இருந்தால் இருவருமே வாங்கிவிடுவார்கள். படித்துக் குறைப்பதை ஒரே பிடியில் செய்யவேண்டும் என்பது பொறியாளர் அறிந்த பாடம். அவர் அறியாதது, லிட்டில் இந்தியாவில் இருக்கும் எங்கள் நேரடிக் கடையின் கல்லாவும் அதே மூட்டையைத்தான் விற்கிறது, ஆனால் தன் கணக்கை இரவில்தான் அனுப்புகிறது என்பது. அதைச் சொன்னது கடையில் நிற்கும் அண்ணன். அவரை நாங்கள் எந்தக் கூட்டத்துக்கும் அழைத்திருக்கவில்லை.

இந்த ஊரையும் நம் மக்களையும் தெரிந்திருப்பதே ஓர் அறிவு என்பதைச் சில சிறு பிழைகள் எனக்குக் காட்டின. சிங்கப்பூரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995இலிருந்து இருக்கிறது. நகர மையத்தில் உள்ளவை பூச்சியத்தில் தொடங்கும். அதைக் கணினியில் எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும், ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டிய பெட்டி முகவரியில்லாமல் நிற்கும். அஞ்சல் குறியீடு எண்போல் தோன்றும் பெயர். அதைக் கூட்டப் போவதும் இல்லை, கழிக்கப் போவதும் இல்லை. இன்னொன்று, நம் பெயர்கள். அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன் எஸ்/ஓ, டி/ஓ என்று சாய்கோடு உள்ள பெயரோடு இங்கே எத்தனை தமிழர்கள் இருக்கிறார்கள்! எங்கள் படிவம் அந்தச் சாய்கோட்டைத் தடைசெய்யப்பட்ட குறி என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. குடும்பப் பெயர் கட்டாயம் என்றும் கேட்டது. தம் பெயரையே தவறு என்று ஒரு தமிழ்க் கடையின் படிவம் சொல்லும்போது வாடிக்கையாளருக்கு எப்படி இருக்கும்? அந்தத் திருத்தத்தை மட்டும் நான் வரிசையில் நிற்கவிடாமல் முதலில் செய்யச் சொன்னேன். ஒரே பெட்டி, ‘முழுப்பெயர்’, எந்தக் குறியும் வரலாம். அதே படிவத்தில் யாரோ அடையாள அட்டை எண்ணையும் கேட்டு வைத்திருந்தார்கள். 2019 செப்டம்பர் முதல், சட்டப்படி தேவைப்படும் இடங்களிலும் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டிய இடங்களிலும் தவிர, நிறுவனங்கள் அதைக் கேட்டுப் பெறக்கூடாது. பருப்பு விற்க அது எதற்கு? எடுத்துவிட்டோம்.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பவேண்டும் என்பது என் ஆசை. அதன் செலவு ஏன் கூடுகிறது என்று கணக்காளர் கேட்டபோதுதான் உள்ளே பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 குறிகள்தான். அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘நன்றி’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்குப் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகளாதலால் ஐந்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட், அதாவது 15 சேமிப்பு அலகு. வாடிக்கையாளர் குறிப்பு எழுதும் பெட்டிக்குப் பைட் கணக்கில் எல்லை வைத்திருந்ததால் தமிழில் எழுதிய குறிப்புகள் பாதியில் அறுந்தன. 1997இல் தமிழ் இணைய மாநாட்டை நடத்திய ஊர் இது. இங்கே ஒரு தமிழ்க் குறிப்பு அறுந்துபோவதை என்னால் சும்மா விட முடியவில்லை. குறுஞ்செய்தியைச் சுருக்கி எழுதினோம். பெட்டியின் எல்லையை மாற்றினோம்.

நேரத்தைப் பற்றிய பிழை எங்களை அதிகம் அலைக்கழித்தது. கணினிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் கணக்கு வைக்கின்றன. சிங்கப்பூர் 1982 ஜனவரியிலிருந்து அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும் என்று அறிவித்த தள்ளுபடி விற்பனை காலை 8 மணிக்குத்தான் தொடங்கியது. அது ஒருமுறை நடந்து தெரிந்துபோன பிழை. தெரியாமல் பல மாதம் நடந்தது இன்னொன்று: நள்ளிரவு முதல் காலை 8 மணிக்குள் வந்த ஆர்டர்கள் எல்லாம் எங்கள் அறிக்கையில் முந்தைய நாளில் விழுந்தன, வங்கியின் அறிக்கையோ சிங்கப்பூர் நாளின்படி வந்தது. இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. கணக்காளர் ஒவ்வொரு மாதமும் கையால் சரிசெய்துகொண்டு, கணினி என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்.

அவரிடமிருந்தே ஒரு காசு வித்தியாசத்தின் கதையும் வந்தது. 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. கடையில் காட்டும் விலையில் வரி அடங்கியிருக்க வேண்டும் என்பதால், விலையை 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் வரி கிடைக்கும். ஐந்து வெள்ளிப் பொட்டலத்தில் வரி 41 காசு. மூன்று பொட்டலத்துக்குத் தனித்தனியே போட்டுக் கூட்டினால் 1 வெள்ளி 23 காசு. மொத்தம் 15 வெள்ளிக்கு ஒரே தடவையாகப் போட்டால் 1 வெள்ளி 24 காசு. எங்கள் இணையக் கடை ஒரு முறையில் கணக்கிட்டது, கணக்கியல் மென்பொருள் மற்ற முறையில் கணக்கிட்டது. இரண்டும் தனித்தனியே தவறில்லாத முறைகள்தான். ஒரே நிறுவனத்துக்குள் இரண்டும் இருந்ததுதான் தவறு. உணவகங்களுக்கு இன்வாய்ஸ்நவ் வழியாக விலைப்பட்டியல் அனுப்பத் தொடங்கியபோது இது பெரிதாக வெடித்திருக்கும். 2019இல் இங்கே தொடங்கிய அந்த ஏற்பாட்டில் விலைப்பட்டியல் ஒரு படமாகவோ பிடிஎஃப் ஆகவோ போவதில்லை. வரிசை வரிசையான தரவாகவே ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்குப் போகிறது. மனிதக் கண் ஒரு காசை மன்னிக்கும். தரவைச் சரிபார்க்கும் மென்பொருள் அந்த விலைப்பட்டியலையே திருப்பி அனுப்பிவிடும்.

இப்படி நடந்து முடித்தபோது எங்கள் தாளில் பதினேழு கைமாற்றங்கள் இருந்தன. அதன்பிறகு என் கூட்டங்கள் மாறின. முன்பெல்லாம் எத்தனை நாளாகும் என்பதுதான் என் முதல் கேள்வி. இப்போது, இது எந்தெந்த இடத்தைத் தொடுகிறது என்று கேட்கிறேன். ‘விநியோக நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி’ என்று விற்பனைப் பிரிவு கேட்டபோது, அது பக்கத்தை மட்டுமல்லாமல் தரவுத்தளம், கிடங்கில் அச்சாகும் பட்டியல், ஓட்டுநரின் செயலி, குறுஞ்செய்தி, பணம் திருப்பும் விதி எல்லாவற்றையும் தொடுகிறது என்பதைத் தாளை விரித்துக் காட்டினேன். மூன்று நாள் என்று எல்லாரும் நினைத்த வேலை மூன்று வாரம் என்று ஆனபோது, முதன்முறையாக யாரும் பொறியாளர்களோடு சண்டை போடவில்லை.

சோதனையும் மாறியது. கட்டணச் சேவை நிறுவனங்கள் சோதனைக்கென்று தரும் தனித் தளத்தில் எல்லாப் பதிலும் சொன்ன நேரத்துக்கு வரும். பண்டிகைக் கால இரவில் உண்மைத் தளம் அப்படி இருக்காது. எனவே பணம் போன பிறகு பதில் வருவதற்குள் இணைப்பை வேண்டுமென்றே அறுத்துப் பார்க்கிறோம். ஒரே வெப்ஹூக்கை மூன்று முறை அனுப்பிப் பார்க்கிறோம். எஸ்/ஓ உள்ள பெயரையும் பூச்சியத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீட்டையும் எங்கள் நிரந்தரச் சோதனை வாடிக்கையாளருக்கே கொடுத்திருக்கிறோம். புதிய பதிப்பை வெளியிடும் முன் நான் கேட்கும் கேள்வி, பின்வாங்க வேண்டியிருந்தால் தரவு என்ன ஆகும் என்பது. நிரலைப் பழைய நிலைக்கு ஐந்து நிமிடத்தில் திருப்பிவிடலாம். புதிய அமைப்பில் ஏற்கெனவே பதிவாகிவிட்ட இருநூறு ஆர்டர்களை அப்படித் திருப்ப முடியாது. வாடிக்கையாளர் விவரம் கசிந்தால் யார் என்ன செய்வது என்பதும் இப்போது எழுத்தில் இருக்கிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் விவரம் கசிந்தாலோ பெருந்தீங்கு நேரக்கூடியதாக இருந்தாலோ, அறிவிக்க வேண்டிய கசிவு என்று கண்டறிந்த மூன்று நாட்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021 பிப்ரவரியிலிருந்து சட்டம் சொல்கிறது. மூன்று நாள் என்பது, யாரை அழைப்பது என்று அப்போதுதான் தேடத் தொடங்குபவர்களுக்குப் போதாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, காலை ஒன்பது மணிக்கு வரும் ஒரு பட்டியல். அப்பா கடை மூடும் முன் கல்லாவையும் பேரேட்டையும் நேர்பார்ப்பார். ஒரு வெள்ளி இடித்தாலும் வீட்டுக்கு வரமாட்டார். அதைத்தான் கேட்டு வாங்கினேன். எங்களிடம் உள்ள ஆர்டர்கள், கட்டணச் சேவை நிறுவனம் எடுத்ததாகச் சொல்லும் பணம், வங்கியில் வந்த பணம் ஆகிய மூன்றையும் சிங்கப்பூர் நாளின்படி கணினி நேர்பார்த்து, ஒத்துப்போகாதவற்றை மட்டும் என் மேசைக்கு அனுப்புகிறது. பெரும்பாலான நாட்களில் அது வெற்றுத் தாள்.

போன வியாழக்கிழமை அதில் ஒரு வரி இருந்தது. 42 வெள்ளி 50 காசு, பேநவ், பணம் வந்திருக்கிறது, ஆர்டர் ‘காலாவதி’ என்று இருக்கிறது. தெம்பனிசில் ஒரு வாடிக்கையாளர் குறியீடு காலாவதியான பிறகு பணம் அனுப்பியிருக்கிறார். கிடங்கில் கேட்டேன், அவர் கேட்ட சரக்கெல்லாம் இருந்தது. அவரை அழைத்து, உங்கள் பணம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, பொருள்கள் இருக்கின்றன, இன்று மாலையே அனுப்பட்டுமா அல்லது பணத்தைத் திருப்பட்டுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. பிறகு, “நான் இன்னும் பார்க்கவே இல்லையேம்மா” என்றார். மாலை ஆறு மணி வண்டியில் அனுப்பினோம்.